பசாசு யாரைத் தேடி வந்தது?



சில நாட்களுக்கு முன் ஒரு தாயார் தம் பத்து வயது மகனைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். "சுவாமி, மூன்று ராத்திரியாய் இவன் விளக்கை அணைக்க விடவில்லை. கட்டில் ஆடுகிறது என்று அலறுகிறான். பெரியப்பா மகனோடு சேர்ந்து கைபேசியில் ஏதோ பேய்ப் படம் பார்த்திருக்கிறான்" என்றார். என்ன படம் என்று விசாரித்தேன். 1973-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'தி எக்சார்சிஸ்ட்' என்ற படம். பேயோட்டுகிறவர் என்பது அந்தப் பெயரின் பொருள்.

பையனை வெளியே அனுப்பிவிட்டு அந்தத் தாயார் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வீட்டை வந்து மந்திரித்துவிட வேண்டும், சுவாமி. வீட்டில் செபமாலை நின்று ஒரு வருஷமாகிறது. இவன் அப்பாவோடு தினமும் சண்டை. நான் சரியாயிருந்தால் பிள்ளைக்கு இப்படி வருமா?" என்று கண்கலங்கினார்.

பையனுடைய பயத்துக்கு மருந்து சொல்வது எளிது. தாயாருடைய பயமோ வேறு வகை. அதைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன். நம்மில் அநேகருக்கு அந்தப் பயம் உண்டு. விசித்திரம் என்னவென்றால், அவர் மகன் பார்த்த அந்தப் படமே உண்மையில் அந்தப் பயத்தைப் பற்றியதுதான்.

முதலில் பையனுக்குச் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். படத்தில் அந்தச் சிறுமி கக்குகிற பச்சை வாந்தி பட்டாணிச் சூப்பு. அவள் வாயிலிருந்து வரும் கரகரத்த குரல் மெர்சிடிஸ் மக்கேம்பிரிட்ஜ் என்ற நடிகை கொடுத்த குரல். மூச்சு புகைபோல் தெரியவேண்டும் என்பதற்காக, அந்தப் படுக்கையறையையே இயந்திரங்களால் உறைகுளிராக்கினார்கள். கட்டிலை ஆட்டியவர்கள் சினிமாத் தொழிலாளிகள். சிறுமியாக நடித்த லிண்டா பிளேர் பின்னாளில், கைவிடப்பட்ட நாய்களைக் காப்பாற்றிப் பராமரிக்கும் தர்ம ஸ்தாபனம் ஒன்றைத் தொடங்கினார். நாய் என்றதும் பையன் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிரவு தூங்கியிருப்பான்.

இனி பெரியவர்களுக்கு.

இந்தக் கதையை எழுதியவர் வில்லியம் பீட்டர் பிளாட்டி. லெபனோன் நாட்டிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்த கத்தோலிக்கர். வாஷிங்டன் நகரிலே சேசுசபைக் குருக்கள் நடத்தும் ஜார்ஜ்டவுன் சர்வகலாசாலையில் படித்தவர். அவர் மாணவராயிருந்த 1949-ஆம் ஆண்டு, அயலில் உள்ள மேரிலாந்து மாநிலத்தில் 14 வயதுப் பையன் ஒருவனுக்குப் பேயோட்டும் சடங்கு நடந்ததாக ஒரு பத்திரிகைச் செய்தியைப் படித்தார். அந்தச் சடங்கின் பெரும்பகுதியை செயின்ட் லூயிஸ் நகரில் நடத்தியவர் வில்லியம் பௌடெர்ன் என்ற சேசுசபைக் குருவானவர். பையனுக்கு நேர்ந்தது பசாசின் வேலையா, நோயா என்ற விவாதம் இன்றும் தீரவில்லை. அந்தச் செய்தியோ மாணவரின் மனதை விட்டு அகலவில்லை. பசாசு உண்மையானால் சம்மனசுகளும் உண்மையல்லவா, சர்வேசுரனும் நித்திய ஜீவியமும் உண்மையல்லவா என்று அவர் யோசித்தார். ஆக, விசுவாசத்துக்கு ஒரு ஊன்றுகோல் தேடித்தான் 1971-இல் நாவலை எழுதினார். வில்லியம் பிரெட்கின் அதைப் படமாக்கினார். திரைக்கதைக்காகப் பிளாட்டிக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. தாமஸ் பெர்மிங்காம் என்ற சேசுசபைக் குருவானவர் படத்துக்கு ஆலோசனை கூறியதோடு, அதில் சிறு வேடமும் ஏற்றார்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிறிஸ் என்ற நடிகை ஜார்ஜ்டவுனில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறாள். அவளுக்குத் தெய்வ நம்பிக்கை கிடையாது. கணவன் பிரிந்து போய்விட்டான். மகளின் பிறந்தநாளுக்குக் கூட டெலிபோனில் கூப்பிடாத தகப்பன். மகள் ரீகனுக்கு 12 வயது. ஆவிகளோடு பேசுவதற்கென்று விற்கும் எழுத்துப் பலகையை வைத்துக்கொண்டு அவள் தனியே விளையாடுகிறாள். சில நாளில் அவள் குணம் மாறுகிறது, முகம் மாறுகிறது, நாவு பேசக்கூடாததைப் பேசுகிறது. தாய் டாக்டர்களிடம் ஓடுகிறாள். மூளையைப் படம் பிடிக்கிறார்கள். கழுத்து நரம்பில் ஊசி ஏற்றுகிறார்கள். மனோதத்துவ நிபுணர்கள் வருகிறார்கள். ஒன்றும் பலிக்காமல், கடைசியில் நம்பிக்கையில்லாத தாய் ஒரு குருவானவரைத் தேடி வருகிறாள்.

சேசுநாதரிடம் தன் மகளுக்காக மன்றாடிய கானான் தேசத்துப் பெண்ணை நீங்கள் இங்கே நினைத்துக்கொள்ளலாம். அவளும் இஸ்ராயேல் சபையைச் சேர்ந்தவளல்ல. பிள்ளையின் வேதனை ஒரு தாயை எந்த வாசலுக்கும் கொண்டுபோகும்.

அந்தக் குருவானவர் டேமியன் காரஸ். சேசுசபையைச் சேர்ந்தவர், மனநோய் மருத்துவமும் படித்தவர். அவர் உடனே தீர்த்தச் செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாரா? இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவே சொல்கிறார். சிறுமியைச் சோதிப்பதற்காகச் சாதாரணக் குழாய்த் தண்ணீரைத் தீர்த்தம் என்று சொல்லித் தெளிக்கிறார். அவள் சுடுபட்டவள்போல் துடிக்கிறாள். ஆகவே அவருக்குச் சந்தேகம் இன்னும் கூடுகிறது. பிறகுதான் மேற்றிராணியாரிடம் போகிறார். மேற்றிராணியார் அனுபவம் வாய்ந்த முதிய குருவானவர் மெரினை நியமிக்கிறார்.

இந்த இடத்தில் படம் திருச்சபையின் ஒழுங்கைச் சரியாகவே காட்டுகிறது. 1614-ஆம் ஆண்டின் உரோமைச் சடங்குப் புத்தகமே, ஒருவரைப் பசாசு பிடித்திருக்கிறது என்று எளிதில் நம்பிவிடாதே என்று குருக்களை எச்சரித்தது. படியாத பாஷையைப் பேசுவது, தூரத்தில் நடக்கும் மறைவான காரியங்களை அறிவது, வயதுக்கும் இயல்புக்கும் மிஞ்சிய பலத்தைக் காட்டுவது ஆகியவற்றை அடையாளங்களாகக் கூறியது. 1999-இல் வெளியான புதிய சடங்குப் புத்தகம் வைத்திய நிபுணர்களைக் கலந்துகொள்ளவும் சொல்கிறது. மேற்றிராணியாரின் வெளிப்படையான உத்தரவில்லாமல் எந்தக் குருவும் இந்தச் சடங்கை நடத்தக்கூடாது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1172-ஆம் பிரிவு இது.

இந்த எச்சரிக்கை வீண் அல்ல. 1976-இல் ஜெர்மனி தேசத்தில் 23 வயதான ஒரு மாணவி இறந்துபோனாள். வலிப்பு நோய்க்கு மருந்து உண்டு வந்தவள். மேற்றிராணியாரின் உத்தரவோடுதான் அவளுக்குப் பேயோட்டும் சடங்கு நடந்தது. சில மாதங்களுக்குள் 67 முறை செய்தார்கள். அதற்கிடையே வைத்தியம் நின்றது, உணவும் நின்றது. உடல் வற்றி உயிர் போயிற்று. பெற்றோரும் இரண்டு குருக்களும் கோர்ட்டில் குற்றவாளிகளாய்த் தீர்க்கப்பட்டார்கள். அவர்கள் கெட்டவர்களா? அல்ல, பக்தியுள்ளவர்களே. பக்தியோடு விவேகம் சேராவிட்டால் என்ன நேரும் என்பதற்கு அந்தக் கல்லறை சாட்சி. ஆகையால் உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை திடீரென்று குணம் மாறினால், தூங்காமல் கிடந்தால், தனக்குத்தானே பேசினால், முதலில் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மந்திரவாதியிடம் போகாதீர்கள், தானே பேயோட்டுவதாகச் சொல்லிக்கொண்டு வீடு தேடி வருகிறவர்களை நம்பாதீர்கள். டாக்டர் கொடுக்கும் மாத்திரையும் சர்வேசுரனுடைய கொடைதான். மாத்திரை விழுங்குவதால் விசுவாசம் குறைந்துவிடாது.

இனித்தான் காரியத்துக்கு வருகிறேன். இந்தக் கதையில் பசாசு யாரைத் தேடி வந்தது?

சிறுமியைத்தான் என்று நாம் நினைக்கிறோம். அவள் என்ன பாவம் செய்தாள்? காரஸ் சுவாமியாரும் இதைத்தான் கேட்கிறார். சடங்கின் நடுவே களைத்துப்போய் இரு குருக்களும் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏன் இந்தச் சிறுமி, இதற்கு என்ன அர்த்தம் என்று இளையவர் கேட்கிறார். அதற்கு முதியவர், குறி சிறுமியின்மேல் அல்ல, சுற்றி நிற்கும் நம்மேல்தான் என்ற கருத்தில் பதில் சொல்கிறார். நாம் நம்மையே அருவருத்து, மிருகத்துக்குச் சமமென்று எண்ணி, நம்மைப் போன்ற பிறவியைச் சர்வேசுரன் நேசிக்கக்கூடும் என்பதையே மறுக்கவேண்டும். அதுதான் பசாசின் நோக்கம் என்கிறார். 1973-இல் படம் வந்தபோது இந்தக் காட்சி வெட்டப்பட்டிருந்தது. பிளாட்டிக்கு அது பெரிய மனக்குறை. 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட பதிப்பில்தான் அதைச் சேர்த்தார்கள். கட்டில் ஆடியதை உலகம் முழுவதும் பார்த்தது. கதையின் சாவியோ 27 வருஷம் பெட்டிக்குள் கிடந்தது!

காரஸ் சுவாமியாரைப் பாருங்கள். அவருடைய வயதான தாய் நியூயார்க் நகரில் தன்னந்தனியாய் இருந்தாள். மகன் சந்நியாசி, கையில் காசில்லை. தாய் நோயுற்றபோது, ஏழைகளுக்கான பொது ஆஸ்பத்திரியில் மனநோயாளிகள் நடுவே அவளைக் கிடத்த வேண்டியதாயிற்று. பின்பு அவள் தன் வீட்டில் ஒருவருமில்லாமல் இறந்தாள். ஓரிரு நாள் கழித்தே பிணத்தைக் கண்டார்கள். மகனுடைய மனம் எப்படியிருக்கும்! தன் விசுவாசமே அணைந்துபோகிறது என்று அவர் ஏற்கெனவே கலங்கியிருந்தவர். சடங்கு நடக்கும்போது பசாசு என்ன செய்கிறது? தாயின் குரலிலே, தாய் கூப்பிடும் செல்லப் பெயரைச் சொல்லி, ஏன் எனக்கு இப்படிச் செய்தாய் என்று அவரைக் கேட்கிறது.

கவனித்தீர்களா? பசாசு அவரிடம் முழுப் பொய் சொல்லவில்லை. தாய் தனியே இறந்தது உண்மை. மகன் பக்கத்தில் இல்லாதது உண்மை. இந்த உண்மைகளின்மேல் ஏறி நின்றுகொண்டு, ஆகையால் உனக்கு மன்னிப்பில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லாமல் சொல்கிறது. பசாசு பொய்யை உண்மையோடு கலந்து பேசும், காது கொடாதே என்று மெரின் சுவாமியார் முன்னமே எச்சரித்திருந்தார்.

சாத்தான் என்பது எபிரேயச் சொல். எதிராளி, நமக்கு விரோதமாக வழக்காடுகிறவன் என்று அதற்குப் பொருள். காட்சியாகமத்தின் 12-ஆம் அதிகாரம், ஓயாமல் நம்மேல் குற்றஞ்சாட்டுவதையே அவனுடைய தொழிலாகக் கூறுகிறது. இஸ்பிரீத்து சாந்துவுக்கு நம் ஆண்டவர் கொடுத்த பெயர் என்ன? பாராக்கிளித்து. அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு, வழக்கிலே நம் பக்கத்தில் வந்து நிற்கிற துணைவர் என்று பொருள். ஆத்துமத்தில் கேட்கும் குரல் யாருடையது என்று தெரிந்துகொள்ள இதுவே உரைகல். நம் குற்றத்தை இருவருமே காட்டுவார்கள். இஸ்பிரீத்து சாந்து குற்றத்தைக் காட்டி, எழுந்து வா என்று கையைப் பிடிப்பார். பசாசு அதே குற்றத்தைக் காட்டி, நீ இவ்வளவுதான் என்று கதவைச் சாத்துவான்.

அர்ச். இராயப்பரும் யூதாசும் ஒரே இரவில் விழுந்தார்கள். ஒருவர் ஆண்டவரை மறுதலித்தார், மற்றவன் விற்றான். இருவரும் மனம் நொந்தார்கள். யூதாஸ் காசைத் திருப்பி எறிந்ததையும் மறவாதீர்கள். இராயப்பர் அழுதுகொண்டே காத்திருந்தார். யூதாஸ் தனக்குத் தானே தீர்ப்பெழுதிக்கொண்டான். இருவருக்கும் பாவத்தின் கனத்தில் இருந்த வித்தியாசத்தைவிட நம்பிக்கையில் இருந்த வித்தியாசமே பெரிது. அவநம்பிக்கையைப் பாவங்களுள் பெரிதென்று ஞானோபதேசத்தில் ஏன் படித்தோம்? மற்றப் பாவங்கள் நம்மை விழத்தள்ளும், அவநம்பிக்கை எழும்பவொட்டாது.

அந்தத் தாயாருக்கு நான் சொல்லவேண்டிய பதில் இதுதான். அம்மா, உங்கள் வீட்டில் செபமாலை நின்றுபோனது உண்மை. சண்டை நடப்பதும் உண்மை. நான் சரியில்லை, ஆகையால் பிள்ளைக்குச் சாபம் வந்துவிட்டது என்ற முடிவு மட்டும் உண்மையல்ல. அது உங்கள் ஆண்டவருடைய குரல் அல்ல. பத்து வயதுப் பையன் பார்க்கக்கூடாத படத்தைப் பார்த்தான், பயந்தான், அவ்வளவே. வீட்டை மந்திரிக்க நான் சந்தோஷமாய் வருவேன். ஆனால் பேயை விரட்டுவதற்காக அல்ல, சமாதானத்தை வரவேற்பதற்காக.

கதையின் முடிவுக்கு வருவோம். மெரின் சுவாமியார் மாரடைப்பால் சாகிறார். அதற்குச் சற்றுமுன், களைத்துக் கீழே உட்கார்ந்திருந்த காரஸ் சுவாமியாரிடம் தாய் வந்து, என் மகள் சாகப்போகிறாளா என்று கேட்கிறாள். அவர் அவளை ஏறிட்டுப் பார்த்து, இல்லை என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மறுபடியும் படியேறுகிறார். அவருடைய சந்தேகம் தீர்ந்ததா? படம் அதைச் சொல்லவில்லை. அவர் எழுந்து போனார் என்பதை மட்டும் காட்டுகிறது. சுவிசேஷத்திலே வலிப்புக் கண்ட பையனின் தகப்பனும் முழு விசுவாசத்தோடு வரவில்லை. உள்ளதைக் கொண்டுவந்து, குறைந்ததற்குச் சகாயம் கேட்டான். ஆண்டவர் அவனைத் தள்ளவில்லை.

மேலே போன காரஸ், சிறுமியை விட்டு என்னைப் பிடித்துக்கொள் என்று பசாசை அழைக்கிறார். அது அவரைப் பற்றுகிறது. தம் கைகளே சிறுமியின் கழுத்தை நெரிக்கப்போவதைக் கண்டு, கிடைத்த ஒரு கணத்தில் ஜன்னல் வழியாய்ப் பாய்ந்து, வெளியே உள்ள 75 கற்படிகளில் உருண்டு விழுகிறார். தன் உயிரைத் தானே போக்கிக்கொள்வது ஒருபோதும் தகாது. சினிமாக் கதையை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. கடைசி நிமிஷத்தைத்தான் பார்க்கச் சொல்கிறேன். படியடியில் குற்றுயிராய்க் கிடக்கிறவரிடம் அவருடைய சிநேகிதரான குருவானவர் ஓடிவந்து, பாவசங்கீர்த்தனம் செய்ய விரும்புகிறீரா என்று கேட்கிறார். பேச வாயில்லை. விரல்கள் மட்டும் சிநேகிதரின் கையை இறுக்குகின்றன. அழுதுகொண்டே அவர் பாவப்பொறுத்தல் ஆசீர் கொடுக்கிறார்.

படம் பார்த்த அநேகர், கடைசியில் பசாசுதான் ஜெயித்தது என்று எண்ணிப் போனார்கள். பிளாட்டிக்கு இது வருத்தம். உங்களுக்கு அந்தச் சந்தேகம் வேண்டாம். உனக்கு மன்னிப்பில்லை என்று இரவெல்லாம் குற்றஞ்சாட்டின குரல் அடங்கியது. உன் பாவங்கள் பொறுக்கப்பட்டன என்ற குரல் கடைசி வார்த்தையாய் நின்றது. இதற்கு மேல் தோல்வி ஒன்று பசாசுக்கு உண்டோ?

நாவலில் மெரின் சுவாமியார் இன்னும் ஒன்று சொல்கிறார். பசாசின் வேலையைப் பெரிய யுத்தங்களில் தேடவேண்டாம். அற்ப மனக்கசப்புகளிலும், சிநேகிதருக்குள்ளும் புருஷன் பெண்சாதிக்குள்ளும் வாய்தவறி வரும் குரூரமான சொற்களிலும் தேடுங்கள் என்பது அவர் கருத்து. பிரியமானவர்களே, நம் அடுப்பங்கரையை நினைத்துப் பார்ப்போம். "நீ எங்கே உருப்படப் போகிறாய்!" என்று பிள்ளையைத் திட்டுகிறோம். "உன்னைக் கட்டிய அன்றே என் வாழ்வு போயிற்று" என்று புருஷன் சொல்கிறான். பத்து வருஷத்துக்கு முந்தின தப்பை மனைவி சோறு போடும்போது எடுத்துப் போடுகிறாள். இவையெல்லாம் யாருடைய வேலை? குற்றஞ்சாட்டுகிறவனுக்கு நாம் கூலியில்லாமல் நாவைக் கடன் கொடுக்கிறோம். கட்டில் ஆடவில்லை, விளக்கு அணையவில்லை. ஆனாலும் ஒரு பிள்ளையின் உள்ளத்திலே நான் நேசிக்கத்தகாதவன் என்ற எண்ணம் குடியேறிவிடுகிறது. இந்தப் பேயை ஓட்ட மேற்றிராணியாரின் உத்தரவு வேண்டியதில்லை. "கோபத்தில் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்" என்ற வார்த்தை போதும்.

ஆகவே இந்த வாரம் மூன்று காரியம் செய்யுங்கள். முதலாவது, பிள்ளைகள் கையிலுள்ள கைபேசியில் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். அமெரிக்காவிலேயே 17 வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர் துணையின்றிப் பார்க்கக்கூடாது என்று தீர்க்கப்பட்ட படம் இது. ஆவிகளைக் கூப்பிடும் பலகை முதலிய விளையாட்டுகளும் நமக்கு விலக்கு. இரண்டாவது, இராத்திரி குடும்பமாய் முழந்தாளிட்டு ஒரு பரலோக மந்திரமாவது சொல்லுங்கள். தீமையிலிருந்து விடுதலை கேட்கும் மன்றாட்டு அதிலேயே இருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்றே, பசாசின் பிடியிலிருந்து விடுவிக்கும் செபத்தைக் குருவானவர் சொல்லியிருக்கிறார். அவன் ஏற்கெனவே ஆண்டவருடைய முத்திரை பெற்றவன். மூன்றாவது, நெடுநாளாய் உள்ளே குடைகிற ஒரு குற்றம் உங்களுக்கு இருக்குமானால், அதை இருட்டில் வைத்துப் பசாசின் வாயால் கேட்டுக்கொண்டிராமல், பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குக் கொண்டுவந்து உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். சனிக்கிழமை சாயந்திரம் நான் அங்கே காத்திருப்பேன்.

படத்தின் கடைசியில் சுகமடைந்த ரீகன் தாயோடு ஊரை விட்டுப் புறப்படுகிறாள். நடந்தது எதுவும் அவள் நினைவில் இல்லை. வழியனுப்ப வந்த குருவானவரின் கழுத்துப்பட்டை அவள் கண்ணில் படுகிறது. சற்று நேரம் அதையே உற்றுப் பார்த்துவிட்டு, எட்டி அவர் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுக்கிறாள். பசாசு சொன்ன எதுவும் அவளுக்கு ஞாபகமில்லை. யாரோ தனக்காகப் படியேறி வந்தார்கள் என்பது மாத்திரம் எங்கோ தங்கியிருக்கிறது.

நமக்காகக் கல்வாரி மலை ஏறினவரின் சமாதானம் உங்கள் இல்லங்களில் தங்கக்கடவது. ஆமென்.